பள்ளி வயதுக் குழந்தையின் இருமல்: செவிலிய மதிப்பீடு

6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தை இருமலோடு வரும்போது செவிலியர் விசாரித்தும், உற்றுப் பார்த்தும், அளந்தும், தொட்டும், கேட்டும் திரட்டும் தகவல்களின் தொகுப்பே செவிலிய மதிப்பீடு. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் பொறுப்பு. குழந்தைக்கு இந்த நிமிடமே உதவி தேவையா, காத்திருக்கலாமா, வீட்டில் இருமலைத் தூண்டுவது எது, இதுவரை என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்பவற்றை மருத்துவர் முன் தெளிவாக வைப்பது செவிலியரின் பொறுப்பு.

இருமல் தன்னளவில் நோயன்று. சளியையும் தூசியையும் மூச்சுப்பாதையிலிருந்து வெளியே தள்ள உடல் வைத்திருக்கும் காவல். நலமாக உள்ள குழந்தையும் இருமும். 1996-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், சளியோ காய்ச்சலோ இல்லாத பள்ளிக் குழந்தைகள் 24 மணி நேரத்தில் சராசரியாக 11 முறை இருமியது பதிவானது. சாதாரணச் சளியோடு வரும் இருமலும் பெற்றோர் நினைப்பதைவிட நீளும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது அடங்கிவிடுகிறது என்றாலும், அதற்கு 25 நாள் வரை ஆகலாம். நாலாம் நாளே மருந்தை மாற்றிக் கேட்கும் தாயிடம் இதைப் பொறுமையாகச் சொல்வதும் மதிப்பீட்டோடு சேர்ந்த வேலைதான்.

முதல் பார்வை

குழந்தையைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் மூச்சு மாறிவிடும். அழுதால் எண்ணிக்கையே பொய்யாகும். சட்டையை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் கூட்டமான ஓ.பி.க்களில் உண்டு. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது என்பதால் அதை நம்ப முடியாது. இந்த வயதில் நிமிடத்துக்கு 18 முதல் 25 மூச்சு இயல்பு. அமைதியாக இருக்கும்போதே 30-ஐத் தாண்டினால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். காய்ச்சல் மூச்சைக் கூட்டும் என்பதால் வெப்பநிலையையும் அதே வரியில் குறிக்க வேண்டும்.

எண்ணும்போதே மற்றவையும் கண்ணில் படும். மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா இடுக்குகளும் கழுத்துக்குழியும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குகின்றனவா, குழந்தை முன்னால் குனிந்து இரு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரும் வகுப்பும் கேட்டால் முழு வாக்கியமாகச் சொல்லும் குழந்தைக்கு மூச்சு போதுமான அளவு இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினால் மற்ற கேள்விகள் காத்திருக்கலாம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாநிறமும் கறுப்புமான குழந்தைகளின் தோலில் நீலம் பாய்வது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் 95-க்கு மேல் காட்டுவது இயல்பு. 90-க்குக் கீழ் இறங்கினால் ஆக்சிஜன் கட்டாயம். அடர்ந்த தோல் நிறம் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும். கருவி 96 காட்டினாலும் குழந்தை திணறுவது கண்ணுக்குத் தெரிந்தால் கண்ணையே நம்ப வேண்டும்.

இருமலை விசாரித்தல்

கைக்குழந்தைக்காகத் தாய் பேசுகிறாள். பள்ளிக் குழந்தை தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லும் வயதுக்கு வந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்லவும், காரணத்தோடு விளைவைப் பொருத்தவும் அதனால் முடியும். ஆனாலும் நம் மருத்துவமனைகளில் கேள்வி அம்மாவிடமே போகிறது. குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த வயதின் மதிப்பீட்டில் நேரும் பெரிய தவறு இதுதான். முதல் கேள்வி குழந்தைக்கு, அடுத்தது தாய்க்கு என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

“ராத்திரி இருமல்ல முழிப்பு வருதா கண்ணு?”, “பி.டி. பீரியட்ல ஓடும்போது இருமல் வருதா? பாதி ஆட்டத்துல உட்கார்ந்திடுறியா?” என்று கேட்கலாம். இவற்றுக்கு வரும் விடை பல சோதனைகளைவிட அதிகம் சொல்லும். விடியற்காலையிலும், ஓடியாடியதும், சிரித்ததும் வரும் வறட்டு இருமல் ஆஸ்துமாவை நினைவூட்டும். பல வீடுகளில் அதை ‘வீசிங்’ என்றோ ‘இளைப்பு’ என்றோதான் சொல்வார்கள். ஆஸ்துமா என்ற பெயரைக் கேட்டால் “அதெல்லாம் இல்லை” என்பார்கள். “எப்போதாவது நெபுலைசர் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். குடும்பத்தில் வேறு யாருக்கு இளைப்பு, தும்மல், தோல் அரிப்பு உண்டு என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

படுத்ததும் கூடி, தொண்டையைச் செருமவைக்கும் இருமல் மூக்கிலிருந்து பின்பக்கமாக வடியும் சளியால் வரக்கூடும். அடுக்கடுக்காக இருமி, கடைசியில் ‘ஊப்’ என்று மூச்சை இழுத்து, வாந்தியும் எடுத்தால் கக்குவான் இருமலை எண்ண வேண்டும். 5–6 வயதில் போடவேண்டிய டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும். “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்ற பதில் போதாது. 4 வாரம் தாண்டிய இருமல் நாள்பட்டது. அது சளியோடு கூடிய ஈர இருமலாக இருந்தால் மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கியிருக்கலாம். இருமல் மருந்து மட்டும் கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது.

பகலெல்லாம் உரக்கக் குரைப்பது போல் இருமிவிட்டு, தூக்கத்தில் ஒருமுறைகூட இருமாத குழந்தைகளும் உண்டு. இது பழக்க இருமல். பள்ளியில் பயம், வீட்டில் சண்டை போன்றவை சில வேளை பின்னால் இருக்கும். குழந்தை நடிக்கிறது என்று அதன் காதுபடச் சொல்வது கொடுமை; அதற்கு அது நடிப்பே அன்று.

திடீரென்று, உடம்பு நன்றாக இருந்தபோதே தொடங்கிய இருமலானால் வாயில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். நிலக்கடலை, பேனா மூடி, விசில் எல்லாம் மூச்சுக்குழாயில் சிக்கியதுண்டு. அடி விழும் என்று குழந்தை அதை மறைக்கும். பெற்றோரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லி, தனியாகக் கேட்டால் சொல்லும்.

வீட்டுக் காற்றைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, அப்பாவின் பீடி, பக்கத்து ஆலைத்தூசி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

மருந்துக் கேள்வியைக் கடைசியில் அவசரமாகக் கேட்டு முடிக்கிறோம். அதற்குத் தனி நேரம் வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய பாட்டில், போன தடவை மிஞ்சியது, அக்காவுக்குக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, லேபிளைப் படிக்க வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கண்டறியப்பட்டது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதை எட்டாதவர்கள். ஆயினும் பாட்டில் மருந்து குடித்த எந்தக் குழந்தையிடமும் “இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போன?” என்று கேட்பது இனி விடக்கூடாத கேள்வி.

உடற்பரிசோதனை

இந்த வயதுக் குழந்தைக்குக் கருவியைக் காட்டி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் ஒத்துழைக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் தன் இதயத்தைத் தானே கேட்க ஒரு நிமிடம் கொடுத்தால் பயம் போய்விடும். வெட்கம் தலையெடுக்கும் வயதும் இதுவே. பத்து வயதுப் பெண் குழந்தையை எல்லோர் முன்னும் சட்டையைக் கழற்றச் சொல்லக் கூடாது, திரை வேண்டும்.

முன்னும் பின்னும் அக்குளிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒரே இடத்தை இடமும் வலமுமாக ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். மூச்சை விடும்போது வரும் விசில் போன்ற ஒலி மூச்சுக்குழாய் சுருங்கியதையும், மூச்சை இழுக்கும்போது தலைமுடியைக் காதருகே உரசுவது போன்ற நறநறப்பு நுரையீரலின் நுண்ணறைகளில் நீரோ சளியோ இருப்பதையும் காட்டும். ஒரு பக்கம் மட்டும் விசில் கேட்டால் சிக்கிய பொருளை மறுபடி நினைக்க வேண்டும். ஆஸ்துமாக் குழந்தையின் நெஞ்சில் விசில் திடீரென்று நின்றுபோய், குழந்தை சோர்ந்தால் அது தேறியதன் அடையாளமன்று. காற்றே போகவில்லை என்று பொருள்.

காதையும் பார்க்க வேண்டும். செவித்துளையில் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுவதால், இறுகிய காதுக்குறும்பிகூட இருமலைத் தூண்டும். விரல் நுனிகள் முண்டுகட்டி நகம் வளைந்திருந்தால் நுரையீரலிலோ இதயத்திலோ நெடுநாள் நோய் இருக்கக்கூடும். 6 வயதுக்கு மேல் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்லலாம். மூன்று முறை ஊதவைத்து, அதிகமானதைக் குறிக்க வேண்டும்.

நம் ஊரில் மறக்கக்கூடாதவை

2 வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, 3 மாதத்தில் எடைக்குறைவு, வீட்டில் காசநோயாளி என இவற்றில் எது இருந்தாலும் குழந்தையைக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இது ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயரில் உலவுகிறது. “தாத்தாவுக்கு டி.பி. உண்டா?” என்றால் இல்லை என்பவர்கள், “தம்பிக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ் இருந்தது” என்று தாமே சொல்வார்கள். இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும். எடையை ஊகிக்காமல் நிறுத்துப் பார்த்து, பழைய எடையோடு ஒப்பிட வேண்டும்.

யானைக்கால் நோய் பரவிய பகுதிகளில் இரவில் ஓயாமல் இருமும் குழந்தைக்கு வெப்பமண்டல ஈசினோபிலியா இருக்கலாம். 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் காசநோய் போலவே தோன்றும் இந்நிலையை விவரித்தார்கள். 5 முதல் 15 வயதுக்குள் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட குழந்தையும் படுத்தால் இருமும். மூட்டு வீங்கி வலித்ததுண்டா என்று கேட்டால் அந்த வழி திறக்கும்.

பதிவும் அனுப்புதலும்

‘இருமல், 5 நாள்’ என்று எழுதி முடிப்பது பதிவாகாது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எடை, இருமலின் ஒலியும் நேரமும், குடித்த மருந்தின் பெயர், எண்ணும்போது குழந்தை அழுததா தூங்கியதா என்பதுவரை எழுதப்பட வேண்டும். அடுத்த ஷிப்ட்டில் வருபவர் தன் எண்ணிக்கையை இதோடுதான் ஒப்பிடுவார்.

வீட்டுக்கு அனுப்பும் குழந்தையின் பெற்றோருக்கு, நெஞ்சு உள்வாங்குவது எப்படி இருக்கும் என்று தன் கழுத்துக்குழியைத் தொட்டுக் காட்டிச் செவிலியர் விளக்க வேண்டும். அது தெரிந்தாலோ, உதடு நீலமானாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; அப்போதே 108-ஐ அழைக்க வேண்டும்.