பெர்லின் கிச்சனர் ஆன கதை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரண்டோவுக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் அமைந்த நகரம் கிச்சனர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 2,56,885 பேர் வாழ்கின்றனர். படிக்கவும் வேலைக்கும் இந்நகருக்குக் குடிபெயர நினைப்போர் வீட்டு வாடகை, பேருந்து வசதி, குளிர் ஆகியவற்றை விசாரித்துத் தெரிந்துகொள்கின்றனர். 1916 வரை இந்நகரின் பெயர் பெர்லின் என்பது அந்த விசாரணையில் பெரும்பாலும் வருவதில்லை.

இந்நிலத்தின் ஆவணக் கதை 1784இல் தொடங்குகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனின் பக்கம் நின்று தாய்நிலத்தை இழந்த ஆறு இனக்குழுக் கூட்டமைப்பினருக்கு, கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலம் தருவதாக ஆளுநர் ஹால்டிமண்ட் அறிவித்தார். அதில் ஒரு பெரும் பகுதி சில ஆண்டுகளிலேயே ரிச்சர்ட் பீஸ்லி என்ற வணிகரின் கைக்குப் போயிற்று. பென்சில்வேனியாவிலிருந்து வந்த மென்னனைட்டு விவசாயிகள் அவரிடம் மனைகளை வாங்கினர். மென்னனைட்டுகள் ஜெர்மன் பேசுவோர். ஆயுதம் ஏந்துவதில்லை என்ற கொள்கை உடையோர். நிலம் முழுவதும் அடமானத்தில் இருந்தது அவர்களுக்குப் பிறகே தெரிய வந்தது. ஊரை விட்டுப் போகாமல், பென்சில்வேனியாவிலுள்ள உறவினரிடம் பணம் திரட்டி, 1805இல் 60,000 ஏக்கரை ஒட்டுமொத்தமாக வாங்கிக் கடனிலிருந்து மீண்டனர். அவர்கள் வந்த கூண்டு வண்டிக்குக் கொனஸ்டோகா என்று பெயர். நகரிலுள்ள கொனஸ்டோகா கல்லூரியை அறிந்த நம் மாணவர்களுக்கு அச்சொல் புதிதல்ல.

விவசாயிகள் போட்ட வண்டிப் பாதைகளே பிறகு வீதிகளாயின. கட்டங்கட்டமாக அளந்து போட்ட ஊர் அன்று. கிங் வீதியும் வீபர் வீதியும் ஒன்றையொன்று மூன்று இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. புதிதாக வருவோர் வழி தவறுவதற்கு இதுவே முதற்காரணம்.

1830களில் ஊருக்குப் பெர்லின் என்ற பெயர் நிலைபெற்றது. ஐரோப்பாவிலிருந்து ஜெர்மானியக் கைவினைஞர் வந்து குடியேற, 1856இல் ரயிலும் வந்தது. மேசை நாற்காலி, பொத்தான், தோல், ரப்பர் ஆகிய தொழில்கள் செழித்தன. 1910 அக்டோபரில் நயாகரா மின்சாரத்தின் பொது விநியோகத் தொடக்க விழா இங்கேதான் நடந்தது. 1912இல் பெர்லின் மாநகரத் தகுதி பெற்றது.

இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. விக்டோரியா பூங்காவில் 1897இல் நிறுவப்பட்ட ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் மார்பளவுச் சிலையை 1914 ஆகஸ்டில் சிலர் ஏரியில் வீசினர். 1916 பிப்ரவரியில் 118ஆவது படைப்பிரிவின் சிப்பாய்கள் கன்கார்டியா என்ற ஜெர்மானியர் மன்றத்தைச் சூறையாடினர். அடுத்த மாதம் லூத்தரன் போதகர் ஒருவர் அடித்து வீதியில் இழுத்துச் செல்லப்பட்டார். இவ்வளவுக்கும் அங்கிருந்த ஜெர்மன் வம்சாவளியினரில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள்.

பெர்லின் என்ற முத்திரையோடு போகும் சரக்கை யார் வாங்குவார் என்று தொழிலதிபர்களும் அஞ்சினர். 1916 மே 19இல் பெயர் மாற்றம் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 1,569, எதிர்ப்பு 1,488. வெறும் 81 வாக்கு வித்தியாசம், அதுவும் எதிர்ப்போர் மிரட்டப்பட்ட சூழலில். புதிய பெயரைத் தேர்ந்தெடுக்க ஜூனில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் மக்கள் ஆர்வமே காட்டவில்லை. சுமார் 900 வாக்குகளே பதிவாயின. கனடா என்பதைத் தலைகீழாக்கிய 'அடனாக்' கூடப் பட்டியலில் இருந்தது. அம்மாதம் 5ஆம் தேதி கடலில் கப்பல் மூழ்கி இறந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் 346 வாக்குகளில் வென்றது. செப்டம்பர் 1இல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

கிச்சனருக்கும் இந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்து, வைஸ்ராய் கர்சனோடு மோதி, அவர் பதவி விலகக் காரணமானவர் என்ற வகையில் இந்திய வரலாறு படித்தோர் அவரை அறிவர். தென்னாப்பிரிக்கப் போரில் அவர் விரிவாக்கிய தடுப்பு முகாம்களில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பெயர் நகருக்குத் தகுமா என்ற கேள்வி அண்மை ஆண்டுகளிலும் எழுந்தது.

பக்கத்து நகரான வாட்டர்லூவின் பெயரை யாரும் தொடவில்லை. 1815இல் நெப்போலியனைப் பிரிட்டிஷாரும் பிரஷ்ய ஜெர்மானியரும் சேர்ந்து முறியடித்த போர்க்களத்தின் பெயர் அது!

1874இல் இங்கு பிறந்த மெக்கன்சி கிங், கனடாவை மிக நீண்டகாலம் ஆண்ட பிரதமரானார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு எதிராக நாட்டை நடத்தியவரும் அவரே. 1969 முதல் ஆண்டுதோறும் அக்டோபர்ஃபெஸ்ட் விழா நடக்கிறது. மறைக்கப்பட்ட ஜெர்மன் அடையாளம் இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. பழைய லாங் தோல் ஆலையில் கணினி நிறுவனங்கள் இயங்குகின்றன. 2019 முதல் மின்தொடர்வண்டி இந்நகரை வாட்டர்லூவோடு இணைக்கிறது. குவீன் வீதியில் 1816 வாக்கில் கட்டப்பட்ட ஷ்னைடர் வீடு அருங்காட்சியகமாக உள்ளது. ஹால்டிமண்ட் அளித்த நிலத்தில் இன்று ஆறு இனக்குழுவினர் வசம் எஞ்சியிருப்பது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்கான அவர்களது உரிமைக் கோரிக்கை இன்னும் தீரவில்லை.