வேலைக்குச் செல்லும் மிதிவண்டி



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் 3ஆம் நாள் உலக மிதிவண்டி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. இது போன்ற நாள்களில், காரையும் மோட்டார் சைக்கிளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் வேலைக்குச் செல்லுமாறு பல நாடுகளில் மக்களை ஊக்குவிக்கிறார்கள். "இதெல்லாம் பட்டணத்தாரின் பொழுதுபோக்கு, தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் சரிதானா? சைக்கிளுக்கும் மலாக்காத் தோட்டங்களுக்கும் உள்ள உறவு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த உறவை முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு, ஊரார் கூடிச் சைக்கிள் ஓட்டும் ஒரே ஒரு நாளால் என்னதான் மாறும் என்பதைப் பார்ப்போம்.

1817ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களைக் கொண்ட ஒரு மரவண்டியைச் செய்தார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். 1885இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை உருவாக்கினார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அதுவே தாய். ஆனால் அந்த வண்டியில் ஏறியவர்களின் இடுப்பு எலும்பு குலுங்கியது. காரணம், சக்கரத்தைச் சுற்றிக் கட்டியான ரப்பர் பட்டைதான் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக, காற்றடைத்த ரப்பர் டயரை 1887இல் அவர் செய்தார்.

அந்த டயர் வந்ததும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பெருகியது. டயர் செய்ய ரப்பர் வேண்டுமே! அந்நாளில் ரப்பர் பெரும்பாலும் பிரேசில், காங்கோ முதலிய நாடுகளின் காடுகளிலிருந்தே வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, மலாயாவில் ரப்பர் பயிரிடும்படி தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்திவந்தார். அவர் பேச்சைக் கேட்ட முன்னோடிகளுள் ஒருவர்தான் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். மோட்டார் கார் பெருகி ரப்பரின் விலை உயர்ந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பே ரப்பருக்குச் சந்தையைத் திறந்துவிட்டவற்றுள் சைக்கிள் டயர் முக்கியமானது.

அந்த மரங்களில் பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். உலகத்தின் சக்கரங்கள் குலுங்காமல் உருளப் பால் எடுத்துக் கொடுத்த அவர்கள், தாங்கள் வேலைக்கு நடந்தே போனார்கள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நிரை நிரையாக நடந்து மரம் வெட்டி, சேர்ந்த பாலைக் காண்டாத் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். காலப்போக்கில் சைக்கிள் நம் லயங்களுக்கும் வந்தது. பால் வாளி, உளி, மதியச் சோறு ஆகியவை கேரியரில் ஏறின. தூரத்து மலைக்கட்டுக்குப் போகும் நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் சாமான் வாங்கப் போகவும் அதுவே வாகனமாயிற்று. ஆனாலும் ஒன்றை மறுப்பதற்கில்லை. சைக்கிள் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தது. நம் பாட்டிமார்களும் தாய்மார்களும் அதன் பின்னால் அமர்ந்து சென்றார்கள், இல்லாவிட்டால் நடந்தார்கள்.

ஒரு கருவி நன்மைக்கும் உதவும், தீமைக்கும் உதவும். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படையினரில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் தெற்கு நோக்கி வந்தார்கள். ஊர் மக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டார்கள். டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா வீழ்ந்தது. அடுத்த மாதம் 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அப்போது நம் மக்கள் கண்டது, சைக்கிளில் வந்த அச்சம்.

அதிலிருந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறி அச்சத்தை விரட்டினார்கள். அந்த மாவட்டம் புதுக்கோட்டை. மன்னராட்சியில் இருந்து, 1948இல் இந்தியாவோடு இணைந்து, 1974இல் தனி மாவட்டமானது அது. மழை குறைந்த மண். கல்குவாரி வேலையும் விவசாயக் கூலியும் அங்கே பலருக்குப் பிழைப்பு. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. வயது வந்தவர்களுக்கு, அவர்களிலும் சிறப்பாகப் பெண்களுக்கு, மாலை நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார் அவர்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். படிக்கத் தெரிந்த பெண்ணும், சந்தைக்குப் போகக் கணவனையோ மகனையோ எதிர்பார்த்து நின்றால், அவள் அறிவு வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது அல்லவா? பேருந்து அரிதாக வரும் ஊர்களில், தன் காலால் தன் வண்டியை ஓட்டிச் செல்வதே பெரிய விடுதலை. எனவே அறிவொளித் தொண்டர்கள் ஊர் ஊராகச் சைக்கிள் பயிற்சி நடத்தினார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. சைக்கிள் கற்பதைப் பற்றிப் பாட்டுகளும் பிறந்தன.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? கேலியும் வசைச் சொல்லும் வந்தன. சைக்கிளில் போகும் பெண்ணின் நடத்தையைக் குறை கூறியவர்களும் உண்டு. தனியாகப் போகும் ஒருத்தி அந்தப் பேச்சைத் தாங்குவது கடினம். இங்கேதான் ஒரு பொது நாளின் பயன் விளங்குகிறது. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளையொட்டி, கைப்பிடியில் கொடி கட்டி, மணியை ஒலித்துக்கொண்டு, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் அணிவகுத்து வந்தார்கள். நகரத்தார் திகைத்து நின்றார்கள். ஒருத்தியைக் கேலி செய்யலாம். 1,500 பேரை யார் கேலி செய்வது? ஊர் கூடித் தேர் இழுத்தது போல், கூச்சத்தை அவர்கள் ஒரே நாளில் ஊரோடு சேர்ந்து இழுத்துத் தள்ளிவிட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் சென்று எழுதியிருக்கிறார். கல்லுடைக்கும் பெண்களும், விவசாயக் கூலிகளும், கிராமச் செவிலியரும், பாலர் பள்ளிப் பணியாளரும், ஆசிரியைகளும் வேலைக்குச் சைக்கிளில் போனார்கள். விளைபொருளை விற்கும் பெண்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. கூடுதலான ஊர்களுக்குப் போய் விற்றார்கள். பொழுதோடு வீடு திரும்பினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல், ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! பின்னாளில் தமிழ்நாட்டு அரசு, 2001க்குப் பிறகு, பள்ளி மாணவிகளுக்கும் பின்னர் மாணவர்களுக்கும் விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அணிவகுப்பு நடந்தது ஒரு நாள். ஆனால் அந்த நாளுக்கு முன்னால் பல மாதப் பயிற்சி இருந்தது. கடன் வசதி இருந்தது. கூடச் செல்லத் தோழியர் இருந்தனர். விதைக்காமல் அறுவடை நாள் குறித்துப் பயனில்லை. கொடி அசைத்து, சட்டை வழங்கி, படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோகும் நாள் மறுநாளே மறந்துபோகும்.

சாலையும் அப்படித்தான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, நெதர்லாந்து நாட்டில் நவம்பர் 4ஆம் நாள் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். வெறிச்சோடிய பெருஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டி மகிழ்ந்தார்கள். அதே காலத்தில், சாலையில் பிள்ளைகள் பலியாவதை எதிர்த்துப் பெற்றோர் போராடினார்கள். அதன்பிறகு சைக்கிளுக்கெனத் தனி வழிகள் அந்நாட்டில் பெருகின. சைக்கிள் ஓட்டச் சொன்னால் போதாது. ஓட்ட இடமும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

நம் மலாக்காவின் நிலை என்ன? பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து வீடமைப்புகளில் குடியேறிவிட்டன. பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் வந்ததும் மிதிவண்டி ஏழையின் வண்டி என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. மிதிவண்டிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பின்னிரவில் சைக்கிள் ஓட்டிச் சென்ற சிறுவர் எட்டுப் பேர் கார் மோதி இறந்ததை நாம் மறக்க முடியாது. லாரிகள் விரையும் பெருஞ்சாலையில் இருட்டில் பிள்ளைகளை அனுப்ப எந்தத் தாய்தான் துணிவாள்?

ஆகவே நம்மால் இயன்றதிலிருந்து தொடங்குவோம். வேலையிடம் இரண்டு மூன்று கட்டைக்குள் இருப்பவர்கள் ஒன்றுசேரட்டும். நாள் குறிப்பதற்கு மூன்று மாதம் முன்னதாகவே, பள்ளித் திடலில் மாலை வேளையில் தாய்மார்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஓட்டப் பழக்குவோம். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்களை எடுத்து, பிரேக்கும் விளக்கும் சரிபார்த்து, இல்லாதவர்க்குக் கொடுப்போம். பெருஞ்சாலையைத் தவிர்த்து, தோட்டத்துச் செம்மண் பாதைகளை முன்கூட்டியே பார்த்து வைப்போம். பாதையே இல்லாத இடத்தில், ஊர்ப் பெரியவர்கள் மூலம் நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதுவோம். அதன்பின் ஒரு நாள், தோட்டத்தாரும் பட்டணத்தாரும் கூடிச் சேர்ந்து வேலைக்குப் போவோம். ஜூன் 3ஆக இருந்தாலும் சரி, மே தினத்தை அடுத்து வரும் ஒரு வேலை நாளாக இருந்தாலும் சரி.

அந்த நாள் வெற்றி பெற்றதா என்பதை அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில், யாரையும் எதிர்பார்க்காமல் மருந்தகத்துக்கோ கடைக்கோ வேலைக்கோ ஒரு தாய் தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாளா என்று பார்த்தால் தெரியும். உலகத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் டயருக்குப் பால் கொடுத்த பரம்பரை நம்முடையது. அந்தச் சைக்கிளில் ஏறி அமரும் உரிமை நம் வீட்டுப் பெண்களுக்கும் உண்டு.