எலுமிச்சைக் கோழியும் பெரியப்பாவின் பந்தயமும்

ரொம்ப நாளா எழுதாம இருந்தேன். எழுத வெச்சது ஒரு கோழி. :-)

அக்கா பொண்ணு பாரிஸ்ல இருந்து லீவுக்குக் கள்ளக்குறிச்சி வந்திருந்தா. வந்த நாலாம் நாள், "மாமா, இன்னிக்கு ராத்திரி எல்லாருக்கும் நான் சமைக்கிறேன்"னு பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா. புரோவான்ஸ் மூலிகைக் கலவையாம். தைம், ரோஸ்மேரி எல்லாம் காயவெச்சுப் பொடிச்சது. அதோட எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்த்துக் கோழியை ஊறவெச்சு, தணல்ல சுடணும். அவ்ளோதான் சமையல்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பேப்பரை மடிச்சு வெச்சார். "இது உங்க ஊரு சாப்பாடும்மா. நமக்குக் குழம்பு வெச்சாத்தான் கோழி. எனக்கு ரெண்டு இட்லி போதும்."

அவர் கோபமா சொல்லலை. ஆனா அவ முகம் சுருங்கிப் போச்சு. மாடிப்படியில உட்கார்ந்து என்கிட்ட சொன்னா: "அங்க ஸ்கூல்ல என் டப்பாவைப் பார்த்து 'உங்க ஊரு சாப்பாடா'ன்னு கேக்கறாங்க. இங்க தாத்தாவும் அதையே சொல்றாரு. எனக்கு எது மாமா ஊரு?"

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. வரலாறு கிறுக்கு உள்ளவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நேரா பெரியப்பாகிட்ட போய்ப் பந்தயம் கட்டினேன். "இதுல போடற ஒவ்வொரு பொருளா எடுத்துக் கணக்குப் பார்ப்போம். நம்ம பக்கம் அதிகமா இருந்தா நீங்க சாப்பிடணும். இல்லேன்னா ஒரு மாசம் தினம் காலைல உங்களை வண்டியில டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்." பெரியப்பா மீசையைத் தடவிக்கிட்டே ஒத்துக்கிட்டார். சமையல் மறுநாளுக்குத் தள்ளிப்போச்சு.

முதல்ல கோழி. "கோழி நம்முதுதானேடா, இதுல என்ன கணக்கு?"ன்னார். அங்கதான் முதல் அடி. 2022-ல் வந்த ஆய்வுப்படி, வீட்டுக் கோழின்னு உறுதியாச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் கிடைச்சது தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்துல. கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலம். நெல்லும் சிறுதானியமும் விதைச்ச இடத்துக்குத் தீனி தேடிக் காட்டிலிருந்து இறங்கி வந்த செங்காட்டுக்கோழிதான் மெள்ள மெள்ள வீட்டுக்கோழி ஆச்சாம்.

பெரியப்பா சிரிக்க ஆரம்பிச்சதும் அடுத்த சீட்டை இறக்கினேன். செங்காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. இன்னிக்கு உலகம் முழுக்கக் கடைகள்ல தொங்குற மஞ்சள் தோல், மஞ்சள் கால் கோழிகளுக்கு அந்த மரபணு எங்கிருந்து வந்ததுன்னு 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தென்னிந்தியக் காடுகள்ல திரியற சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து! ஆக, பாரிஸ் கோழிக்கடையிலும் நம்ம காட்டு ரத்தம் ஒரு சொட்டு ஓடுது. ஆளுக்குப் பாதி மார்க்.

அடுத்து எலுமிச்சை. 2018-ல் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துல அறுபது வகைகளோட மரபணுவைப் படிச்சுப் பார்த்தாங்க. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அஸ்ஸாமின் கிழக்கு, வட மியான்மர், யுனான் பக்கம்தான் இந்தக் குடும்பத்தோட பிறந்த வீடுன்னு முடிவு. ஊறுகாய்க்குப் போடற நம்ம சின்ன எலுமிச்சையே ஒரு கலப்பு. தடித்தோல் சிட்ரானும், பிலிப்பைன்ஸ் பக்கத்து மைக்ராந்தாவும் சேர்ந்து பிறந்தது.

"அஸ்ஸாம் உனக்குக் கள்ளக்குறிச்சியாடா?" பெரியப்பா விடலை.

சரி, பழம் போகட்டும், பேரைப் பார்ப்போம். ஆரஞ்சுங்கற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியா வந்தது. அதுக்கு முன்னாடி அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதுக்கும் மூலம் திராவிடச் சொல்தான்னு சொல்லறிஞர்கள் பலர் கருதறாங்க. நம்ம நாரத்தையும் மலையாளத்து நாரங்காவும் அதோட சொந்தக்காரங்க. புளிப்பு ஆரஞ்சையும் சின்ன எலுமிச்சையையும் மத்தியதரைக்கடல் பக்கம் கொண்டு சேர்த்தவங்க அரபிகள், சுமார் பத்தாம் நூற்றாண்டு வாக்கில். அப்புறம்தான் அங்க கோழி மேல சாறு பிழிய ஆரம்பிச்சிருப்பாங்க. இதைச் சொன்னதும் பாரிஸ்காரி கண்ணு விரிஞ்சது. "அப்போ ஓரான்ஜ் நம்ம வார்த்தையா மாமா?" கிட்டத்தட்ட அப்படித்தான்மா.

மூலிகைக்கு வருவோம். அவ கொண்டு வந்த பொட்டலத்தை ஓரமா வெச்சுட்டு, தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கற்பூரவல்லி இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னேன். "ஒரிகானோ!"ன்னு கத்தினா. காரணம் இருக்கு. ரெண்டிலும் இருக்கறது கார்வக்ரால், தைமால்ங்கற அதே வாசனை எண்ணெய்கள். ஓமத்துலயும் அதுதான், அதான் இதுக்கு ஓமவல்லின்னும் பேரு. பக்கத்துல திருநீற்றுப்பச்சை. அவங்க ஊர்ல பேசில்னு காசு கொடுத்து வாங்கறது இதன் குடும்பமேதான். நாம சாமிக்கு மாலை கட்டிட்டு, விதையை மட்டும் சப்ஜான்னு ஃபலூடாவுல போட்டுக் குடிக்கறோம். நாரத்தை இலையும் நாலு பறிச்சேன். அதை உப்பு, மிளகாயோட இடிச்சுத் தஞ்சாவூர்ப் பக்கம் வேப்பிலைக்கட்டி பண்ணுவாங்க (அதுல வேப்பிலை கிடையாது, பேரு மட்டும்தான்!). மிளகு மேற்குத்தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை, நம்ம கடையில கிடைச்சது கொல்லிமலைச் சரக்கு. உப்பு மரக்காணம்.

பெரியப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரிடா, ஒரு கைப்பிடி கொத்தமல்லியும், நாலு பச்சமிளகாயும் அரைச்சுப் போடு. அப்பத்தான் நம்ம சாப்பாடு."

மாட்டிக்கிட்டாரு! கொத்தமல்லி மத்தியதரைக்கடல், மேற்காசியப் பக்கத்துச் செடி. எகிப்து மன்னன் துத்தன்காமன் கல்லறையிலேயே, அதாவது சுமார் 3300 வருஷத்துக்கு முன்னாடியே, அதோட விதை இருந்திருக்கு. மிளகாய் அமெரிக்கக் கண்டம். 1498-ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில இறங்கின பிறகு, போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. நம்ம சாப்பாடு ஆகணும்னு அவர் சேர்க்கச் சொன்ன ரெண்டுமே வெளியூர்!

சுடறதாவது நம்ம பழக்கமான்னு கேட்டார். கரிகாலனைப் பாடின பொருநராற்றுப்படையில கம்பியில கோத்துச் சுட்ட கறி வருது. பெரும்பாணாற்றுப்படையில விருந்தாளிக்கு வீட்டுக் கோழி சமைச்சுப் போடறாங்க. ரெண்டும் பத்துப்பாட்டுல இருக்கு, உ.வே.சா. 1889-ல் அச்சில் கொண்டு வந்தது. மிளகாயே இல்லாத காலத்துச் சுட்ட கறி அது. பாரிஸ்காரியோட சமையல் பெரியப்பா குழம்பைவிட அதுக்குக் கிட்டத்துல இருக்கு. :-)

இனி கோழி வாங்கணும். பிராய்லர் வேண்டாம்னு மருமகளையும் கூட்டிக்கிட்டு வண்டியில கிளம்பினேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலை. வெள்ளிமலைப் பக்கம் ரோட்டோர வீடு ஒண்ணுல கோழி மேஞ்சிட்டிருந்தது. அந்தம்மா ஒரு வெடக்கோழியைப் பிடிச்சுக் கொடுத்தாங்க. விலை பேசும்போது, "நீங்க இதைத்தான் சாப்பிடுவீங்க, கொடுத்து வெச்சவங்க"ன்னு சும்மா சொல்லி வெச்சேன்.

"நாங்க எங்க தம்பி இதைத் திங்கிறது? இது காசு. ஆஸ்பத்திரி செலவு, பள்ளிக்கூடச் செலவுன்னா பிடிச்சு விக்கிறது. கறி திங்கணும்னா கீழ போய் பிராய்லர் அரைக்கிலோ வாங்கியாருவோம்."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. இந்த மலைக்கு நேர் வடக்கே செங்கம். அந்த ஊரை ஆண்ட நன்னனைப் பாடினதுதான் மலைபடுகடாம். 583 அடியில், மலையில வழிப்போக்கரா வர்ற கூத்தருக்கு மலைக்காரங்க என்னென்ன போடுவாங்கன்னு பட்டியலே இருக்கு: நெய்யில வெந்த கறி, தினைச்சோறு, புளியும் மோரும் சேர்த்த மூங்கிலரிசிச் சோறு, மூங்கில் குழாயில ஊறின தேன் கள். எல்லாம் சும்மா, வந்தவங்களுக்காக. அந்த மலையோட பிள்ளைங்க 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார்கள் ஆட்சிக்குக் கீழ இருந்தாங்க. இன்னிக்குத் தன் கோழியை நமக்கு வித்துட்டு நம்ம பிராய்லரைத் திங்கறாங்க. நான் கோழியோட ஜாதகத்தை மூவாயிரம் வருஷம் தோண்டினேன், வளர்த்தவங்களைப் பத்தி யோசிக்கவே இல்லை. பேசின விலைக்கு மேல கொஞ்சம் கொடுத்தேன். அதுல எதுவும் சரியாயிடலைன்னு தெரியும்.

பக்கத்துல நின்ன மருமகள், "நீங்க இங்கயேதான் இருக்கீங்களா, எப்பவுமே?"ன்னு கேட்டா. அந்தம்மா சிரிச்சாங்க. "எங்க பாட்டன் பூட்டன் காஞ்சிவரத்துலருந்து வந்தவங்களாம் கண்ணு." மலையாளி மக்களோட பரம்பரைக் கதை அது. அண்ணன் தம்பிங்க காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பி, ஆளுக்கொரு மலையாப் பிரிஞ்சு குடியேறினாங்களாம். மலைக்காரங்களே வந்தவங்கதான்! மருமகள் வழியெல்லாம் ஒண்ணும் பேசலை, ஆனா முகத்துல ஒரு தெளிவு.

சமையல் குறிப்பு வேணும்கறவங்களுக்கு: ஒண்ணேகால் கிலோ வெடக்கோழி, முதுகைப் பிளந்து தட்டையாக்கி, ஆழமாக் கீறணும். மூணு எலுமிச்சைச் சாறு, பத்துப் பல் பூண்டு, ரெண்டு ஸ்பூன் இடிச்ச மிளகு, எட்டுக் கற்பூரவல்லி இலை, கைப்பிடி திருநீற்றுப்பச்சை, பொடியா நறுக்கின நாரத்தை இலை, கல்லுப்பு, மூணு ஸ்பூன் கடலை எண்ணெய். பெரியப்பாவுக்காகக் கொத்தமல்லி, மிளகாயும். இதையெல்லாம் அரைச்சுத் தடவி ரெண்டு மணி நேரம், அவ்ளோதான். ஒரு தடவை ராத்திரி பூரா ஊறவெச்சுப் பார்த்தேன், புளிப்பு மேல்சதையை வேக வெச்ச மாதிரி வெளுக்கடிச்சு, மாவாட்டம் ஆயிடுச்சு. மாடியில செங்கல் அடுக்கி, கரி போட்டு, சாம்பல் பூத்த பிறகு கம்பி வலை மேல வைக்கணும். கொழுந்துவிட்டு எரியற நெருப்பு ஆகாது. திருப்பித் திருப்பி முக்கால் மணி நேரம்.

எண்ணெய் தடவ பிரஷ் இல்லை. பெரியப்பா ஒண்ணும் சொல்லாம கீழ போய், கறிவேப்பிலைக் கொத்து ஒண்ணை நூல்ல கட்டிக் கொண்டாந்து, அவரே தடவ ஆரம்பிச்சுட்டார்.

கணக்கு? கூட்டிப் பார்த்தா எனக்கும் ஜெயமில்லை, அவருக்கும் இல்லை. எதைத் தொட்டாலும் பாதி வந்தது, பாதி இருந்தது. பெரியப்பா ஒரு காலைக் கடிச்சுட்டு, "உப்பு சரியா இருக்கும்மா"ன்னார். ரெண்டாவது துண்டை அவரே எடுத்துக்கிட்டார். இட்லி அப்படியே இருந்தது.

"உங்க ஊரு சாப்பாடு"ன்னு அப்புறம் ஒரு தடவைகூட அவர் சொல்லலை. டீக்கடைக்கு மட்டும் தினம் நான்தான் கூட்டிட்டுப் போறேன். வயசானவர்கிட்ட டிராவுக்கெல்லாம் மரியாதை இல்லை மக்களே.

டிஸ்கி: மஞ்சள் தோல் கதையைப் படிச்சுட்டு யாரும் காட்டுக்கோழி தேடிக் கிளம்பிடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். மலைக்குப் போனா வீட்டுக்கோழி வாங்குங்க. பேரம் பேசாதீங்க.