சோழியில் பிடித்த கிரகணம்

தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணை முழுவதும் வாக்கியங்களாக மனப்பாடம். வாக்கியத்தில் எழுத்துக்கு ஓர் எண். பார்த்துக் குறித்துக்கொண்டவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தை முன்பு நடத்தியவர், பின்னாளில் புதுவையிலேயே இறந்தவர். அவருடைய 'கால சங்கலிதம்' 1825-ல் வெளிவந்தது. அந்த ஆண்டு மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தைச் சோழிக் கணக்கு 4 நிமிட வித்தியாசத்தில் பிடித்துவிட்டது. நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது.

இந்தக் கணக்கு ஊரைவிட்டுக் கிளம்பியது அதற்கும் முன்னால். 1769-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜான்டிலை மேகம் ஏமாற்றியது. ஆனால் புதுவைத் தமிழரிடம் கற்ற கிரகணக் கணிதம் அவரோடு பாரிஸ் போனது. அங்கே வானியலாளர் பாய்யி 1787-ல் இந்திய வானியலைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1952-ல் அமெரிக்காவில் வானியல் வரலாற்றாய்வாளர் நாய்கபவர் வாரனின் குறிப்பைக் கையில் எடுத்தார். விடை எவ்வளவு சரி என்பதைவிட, அந்தக் கணக்கில் வரும் 248 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. அதே எண் பாபிலோனியரிடமும் இருந்தது. எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் இருந்தது. ஆராய்ச்சி தொடங்குவது இப்படி ஒரு கேள்வியில்தான் என்று நான் நம்புகிறேன்.

நிலா பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறத்தாழ 27.55455 நாள் ஆகிறது. பஞ்சாங்கத்துக்கோ முழு நாள் வேண்டும். 9 சுற்றுக்கு 248 நாள், 110 சுற்றுக்கு 3031, 449 சுற்றுக்கு 12372 என்று வைத்துக்கொண்டார்கள். 248-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, இரண்டு சுற்றுக்கான 55-ஐக் கூட்டினால் 3031. அதை நான்கால் பெருக்கி 248-ஐச் சேர்த்தால் 12372.

இந்த மூன்றையும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, வகுத்துப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். முதல் எண்ணில் சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிசகும். இரண்டாவதில் அரை விநாடிகூட இல்லை. மூன்றாவதில் பிசகு திரும்பவும் ஒரு விநாடிக்கு மேல் ஏறிவிடுகிறது. எண் பெரிதாகும்போது துல்லியமும் கூட வேண்டாமா? இதற்கு நோட்ஸில் பதில் கிடையாது. பிள்ளை ஆரியபட்டரின் வானியல் நூலான ஆரியபடீயத்தைத் தேடிப் போக வேண்டும். ஒரு யுகத்துக்கு 157,79,17,500 நாள், நிலவின் சுற்று 5,77,53,336, அதன் உச்சத்தின், அதாவது பூமியிலிருந்து மிக விலகும் புள்ளியின், சுற்று 4,88,219. பின்னதை முன்னதிலிருந்து கழித்து, மீதியால் நாட்களை வகுத்தால் 27.5546 வரும். அதை அளவுகோலாக வைத்தால் மூன்றில் மிக அருகில் நிற்பது 12372. பிசகாகத் தெரிந்த எண், தன் நூலுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது.

அந்த 27.5546-ஐ யார், எந்த வானத்தைப் பார்த்து அளந்தார்கள் என்று பிள்ளை கேட்டால், நாமும் பக்கத்தில் உட்கார்ந்து தேட வேண்டியதுதான்.