கென்னடியை அழைத்து வந்தவர்!

1961, ஜூன் 2. பாரிஸில் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்ற அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டார் தெரியுமா? 'ஜாக்குலின் கென்னடியோடு பாரிஸுக்கு வந்த ஆள் நான்தான்' என்று! கூட்டம் சிரித்தது. ஆனால், விஷயம் நிஜம். லேசில் யாருக்கும் மசியாத டிகால், விருந்தில் ஜாக்குலினோடு ஃபிரெஞ்சில் பேசி அசந்துபோயிருந்தார்.

எங்கே கற்ற ஃபிரெஞ்சு அது?

வாஸர் கல்லூரி மாணவியாக இருந்தபோது, 1949-ல் ஸ்மித் கல்லூரியின் திட்டம் ஒன்றில் சேர்ந்து, ஓராண்டு படிக்க பிரான்ஸ் போனார் ஜாக்குலின். 'ஃபிரெஞ்சில் மட்டுமே பேசுவோம்' என்று மாணவிகள் உறுதிமொழி கொடுக்கவேண்டும். முதலில் கிரெனோபிள் நகரம், அப்புறம் பாரிஸின் ஸோர்போன் பல்கலைக்கழகம். தங்கியது ஒரு குடும்பத்தோடு. அந்த வீட்டு அம்மாள், ஹிட்லரின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். கணவர் திரும்பவே இல்லை. குளிரில் கையுறை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் உட்கார்ந்துதான் பாடம் படிக்க முடிந்தது. வகுப்பறையில் இலக்கியம், வீட்டில், போரில் அடிபட்டு எழுந்த பிரான்ஸ்!

1951-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெஞ்சு இலக்கியத்தில் பட்டம் வாங்கினார்.

பாரிஸ் பயணத்தில் பழக்கமானவர், பிரான்ஸின் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ. மறு வருஷம் வாஷிங்டன் வந்தவர், ஜாக்குலினுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். லூவர் மியூசியத்தில் எதிர்ப்பு கிளம்பியும், கப்பலேறினாள் மோனா லிசா! 1963 ஜனவரியில் வாஷிங்டனில் கூட்டம் அலைமோதியது.

'இலக்கியம் படிச்சு என்ன பண்ணப்போறே?' என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்!