அடங்காத குதிரைகள்

செஞ்சிக்குப் போகிறவர்கள் இராஜகிரியில் ஏறி இறங்கிய கால்வலியோடு செட்டிக்குளக் கரையில் சற்று நிற்பது வழக்கம். தேசிங்கு ராஜனின் சிதை எரிந்த இடம் என்று அங்கே காட்டுவார்கள். சாகும்போது அவனுக்கு வயது இருபத்திரண்டுதான். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, நவாப் சாதத்துல்லா கானின் பெரும் படையை எதிர்த்துச் சில நூறு குதிரை வீரர்களோடு பாய்ந்து மாண்டான்.

கோட்டைக்குள்ளேயே அவன் இருந்திருக்கலாம். 1690 முதல் 1698 வரை, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானை வெளியே காக்க வைத்த கோட்டையல்லவா அது! ஆனால் காத்திருப்பது தேசிங்குக்கு வராத வித்தை. கதைப்பாட்டு அதையே வீரமென்று கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். அதே மலையடிவாரத்தில், வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார முடியாமல் துள்ளிய குடியானவர் வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததெல்லாம் பிரம்படிதான். 'வால்', 'உதவாக்கரை' என்ற பட்டங்கள் வேறு.

தேசிங்குக்கு இன்ன கோளாறு என்று சொல்ல நான் வரவில்லை. செத்தவர் மனத்துக்குள் புகுந்து பார்ப்பது கதை எழுதுகிறவர்களின் தொழில். அங்கே உட்கார்ந்து வைத்தியம் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. உயிரோடிருக்கும் அந்தப் பையனைப் பற்றித்தான் பேச்சு. இன்று 'ஏ.டி.எச்.டி.' என்று மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் உச்சரிக்கிறார்களே, கவனம் நில்லாமையும் மிதமிஞ்சிய துடிப்பும் சேர்ந்த நிலை, அது நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெயர்தான் புதிது. 1775-இல் வைகார்டு என்ற ஜெர்மானிய வைத்தியரும், 1798-இல் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் இதைப் பற்றி எழுதி விட்டார்கள்.

1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் சுமார் இருபது பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இவர்களுக்கு அறிவுக்குறைவு இல்லை என்று கண்டு சொன்னது அவர் பெருமை. ஆனால் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்று பெயர் வைத்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிரம்பு எடுத்தவர்களுக்கு ஒரு வைத்தியரின் சாட்சியும் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

திருப்பம் எதிர்பாராத வழியில் வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், சார்லஸ் பிராட்லி தம் மருத்துவமனைக் குழந்தைகளுக்கு ஒரு பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலி தீர பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அவ்வளவாகப் போகவில்லை. ஆனால் சில பிள்ளைகள் கணக்குப் போட உட்கார்ந்து விட்டார்கள்! முப்பது பேரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பள்ளிப் பாடத்தில் பெரிய மாறுதல் தெரிந்ததாக 1937-இல் அவர் எழுதினார். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் சூட்டினார்கள். ஒழுக்கக்கேடாக இருந்தால் மாத்திரைக்கா கேட்கும்? மூளை வேலை செய்யும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இன்றைய பெயர் 1987-இல்தான் வந்தது.

பரம்பரை என்றேனே, அதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்பதைவிடச் சோகம் என்பது பொருந்தும். பையனைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பனார், வைத்தியர் கேட்கும் கேள்விகளைக் கேட்டபடி தம்முடைய நாற்பது வருஷத்தையும் எண்ணிப் பார்க்கிறார். பாதியில் விட்ட படிப்பு, தொலைத்த சாவிகள், ஓரிடத்தில் நிலைக்காத உத்தியோகம். வயது ஏறினால் சரியாகிவிடும் என்று நெடுநாள் நம்பினார்கள். பலருக்குச் சரியாவதில்லை. துள்ளாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண் பிள்ளைகளையோ யாரும் கவனிப்பதே இல்லை.

தேசிங்கின் கதையில் நீலவேணிக் குதிரையைவிட எனக்குப் பிடித்தவன் அவன் தோழன் முகமது கான். கலியாணக் கோலத்திலிருந்து எழுந்து போர்க்களத்துக்கு வந்தான் என்கிறது பாட்டு. அவன் வந்ததால் யுத்தம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒருவன் இருந்தான். இந்தக் குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் தேவை. 1987-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் சில பெற்றோர் கூடி இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் அமைந்த மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனைத் தொடங்கியவர்களிலும் பெரும்பாலோர் பெற்றோர்களே. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கவனமும் நிற்பதில்லை.

இத்தகைய கூட்டங்களில் பெரிய தத்துவம் எதுவும் பேசுவதில்லை. சாவிக்கு ஒரே ஆணி. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக நறுக்குவது. தனியே ஓடாத வேலைக்குப் பக்கத்தில் ஓர் ஆளைச் சும்மா உட்கார வைத்துக்கொள்வது. மாத்திரைக்குப் பயப்படும் தாயிடம் இன்னொரு தாய் தன் அனுபவத்தைச் சொல்லுவாள். வைத்தியர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இடம்பெற்றன, ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. ஆகவே பரீட்சைச் சலுகை கேட்கும் பெற்றோர் இன்னொரு சீட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சென்னையில் அலைகிறவருக்குத் துணையாவது உண்டு, செஞ்சியில்?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்கு வியாபாரியும் ஒரு வைத்தியரும் உட்கார்ந்து பேசினார்கள். உலகெங்கும் பரவிய குடிநோயாளர் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. தொடக்கத்தில் இருந்தவர்கள் அந்த இருவர்தாம். செஞ்சியில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோர் கூட்டத்திலும் அப்படி இருவர் இருப்பார்கள். ஒருவர் கதை மற்றவருக்கு இன்னும் தெரியாது.