பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர்

மேகக் கணிமைச் சேவைகளின் செயல்திறனை அளந்து ஒப்பிட உதவும் கட்டளைவரிக் கருவி. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இதனை 2015 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் திறமூல மென்பொருளாக வெளியிட்டது.

நிறுவுதல்: கிட்ஹப் தளத்திலிருந்து மூலநிரலைப் படியெடுத்து, பைத்தானுக்கெனத் தனி மெய்நிகர்ச் சூழல் அமைத்து, தேவைப் பட்டியலிலுள்ள நிரல்தொகுப்புகளை ‘பிப்’ வழியாக நிறுவ வேண்டும். சோதிக்கவிருக்கும் மேகச் சேவையின் கட்டளைவரிக் கருவியும் கணக்கு அனுமதியும் தேவை.

இயக்குதல்: மேகச் சேவை, சோதனை, இயந்திர வகை ஆகியவற்றைக் கட்டளையிலேயே குறிப்பிடலாம். வலையமைப்பின் வேகத்தை அளக்க ‘ஐபெர்ஃப்’, சேமிப்பகத்தை அளக்க ‘ஃபியோ’ ஆகிய சோதனைகள் உள்ளன. வளங்களை உருவாக்குதல், ஆயத்தம், ஓட்டம், துப்புரவு, வளங்களை நீக்குதல் என ஐந்து கட்டங்களில் பணி நடைபெறும்.

சிறப்பு: கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மேகங்களை ஒரே முறையில் சோதிப்பதால் ஒப்பீடு நேர்மையாக அமைகிறது.

எச்சரிக்கை: ஓட்டம் இடையில் நின்றால் மெய்நிகர் இயந்திரங்கள் அழியாமல் தங்கி, கட்டணம் தொடர்ந்து ஏறக்கூடும். அந்த ஓட்டத்தின் அடையாளக் குறியைக் கொடுத்து, நீக்கும் கட்டத்தை மட்டும் மீண்டும் இயக்குவது அவசியம்.